யட்சிக்கு ஒரு உத்தியோகம்

வலியசாலையில் எங்கள் பழைய வீட்டின் கூடத்துக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. கொஞ்சம் கோணல். சுண்ணாம்பும் பெயிண்டும் மாறி மாறிப் பூசியதில் அதன் தலை தடித்துப் போயிருக்கிறது. படம் மாட்டும் உயரமும் இல்லை, சட்டை மாட்டும் உயரமும் இல்லை. அண்ணாவின் மனைவி, என் மன்னியின் தோள் உயரம். போன மாதம் வாடகைக்கு விடுவதற்காக வீட்டை ஒழுங்கு செய்யப் போனபோது முதலில் என் கை போனது அந்த ஆணிக்குத்தான். கை வைத்தவுடன் கூடம் நீல வெளிச்சமாகிவிட்டது. வயதானால் இப்படித்தான், தொட்டதெல்லாம் எங்கேயாவது இழுத்துக்கொண்டு போகிறது.

அந்த நீல வெளிச்சம் டெலிவிஷனுடையது. எண்பதுகளின் நடுவில் அண்ணா அதை வாங்கிவந்தான். மரப்பெட்டி, இழுத்து மூடும் கதவு, பக்கத்தில் ஓயாமல் முனகும் ஸ்டெபிலைசர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலையாளத்தில் ஒரு தொடர் வரும். பாலைமரத்தில் மந்திரவாதி ஆணியடித்துக் கட்டிவைத்த ஒரு யட்சி, கண்ணுக்குத் தெரியாமல் சாமான்களை இடம் மாற்றும் ஒரு குட்டிச்சாத்தான், படித்துப் படித்தே பேயாகிப்போன ஒரு பிரம்மராட்சசன். தெருவே எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். திரையில் சாம்பிராணிப் புகை மாதிரி ஒன்று எழும்பினால் போதும், பிள்ளைகள் எல்லாம் அம்மாக்களின் புடவைக்குள். நான் அப்போது கல்லூரிக்குப் போகிற பெண். எனக்கும் பயம்தான், ஆனால் அதை வெளியே காட்டினால் மானம் போய்விடுமே.

கரண்ட்டு போவதும் அந்த நேரம் பார்த்துத்தான். ஒரு தடவை யட்சி கூந்தலை விரித்துத் திரும்புகிற நொடியில் எல்லாம் இருண்டது. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. மன்னி அரிக்கன் விளக்கை ஏற்றி நடுவில் வைத்து, ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள்: "ஏண்டா கண்ணா அழறே? அவளுக்கு டியூட்டி முடிஞ்சுது, ஆத்துக்குப் போயிட்டா."

அழுத குழந்தை நிறுத்திவிட்டுக் கேட்டது: "யட்சிக்கு என்ன ஜோலி, மாமி?"

அப்படித்தான் அது ஆரம்பித்தது. அதற்குப் பிறகு கரண்ட்டு போகாதா என்று நாங்கள் காத்திருந்தோம். கதை முடிந்து எல்லோருக்கும் விடுதலை கிடைத்த பிறகு யார் யார் என்ன உத்தியோகத்துக்குப் போவார்கள் என்று மன்னி சொல்லிக்கொண்டே போவாள். குட்டிச்சாத்தானுக்குத் தபாலாபீஸில் கடிதம் பிரிக்கும் வேலை. ஒரு மூட்டையைக் கண்மூடித் திறப்பதற்குள் ஊர் ஊராகப் பிரித்துவிட்டு, மிச்ச நேரம் ஜன்னலில் உட்கார்ந்து மழை பார்ப்பான். பிரம்மராட்சசன் நூலகத்தில்; யாரும் எடுக்காத புஸ்தகங்களை அவன் எடுத்துப் படித்து, அவற்றுக்கு வருத்தம் வராமல் பார்த்துக்கொள்வான். சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்துகொண்டே வரும். விளக்கு வெளிச்சத்தில் நான் அந்த அலுவலகங்களை எல்லாம் பார்த்திருக்கிறேன். பெரிய ஜன்னல்கள், மெதுவாகச் சுற்றும் விசிறி, மேஜைமேல் ஒரு பாலைப்பூ.

மன்னிக்குப் பிறந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். இங்கே வந்த பிறகும் அவள் விரல்கள் சும்மா இருந்ததில்லை. யாராவது பேசினால் அதைத் தொடைமேல் அடித்துக்கொண்டிருக்கும். அரசாங்க டைப்பிஸ்ட் பரீட்சை எழுதித் தேறி, நேர்முகத்துக்கு அழைப்பும் வந்திருந்தது. அப்பாவிடம் போய்ச் சொன்னாள். அப்பா என்னைப் பார்த்து, "நம்மாத்துப் பொம்மனாட்டிகள் ஆபீசுக்குப் போற வழக்கமில்லேன்னு சொல்லு" என்றார். அவள் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தாள். அண்ணாவோ, "அப்பா சொன்னாப் போறும்" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டான். அவன் அப்படித்தான், மழையா வெயிலா என்பதைக்கூட அப்பாவைக் கேட்டுத்தான் சொல்வான். மன்னி அழைப்புக் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பா அரசாங்க அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வுபெற்றவர். பேய்க்கதையில் அவருக்குச் சுவாரசியம் கிடையாது. ஆனால் சட்டவிதியைத் தப்பாகச் சொன்னால் மட்டும் பொறுக்காது. சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பவர், "தபாலாபீஸ்ல முதல்ல தற்காலிகமாத்தான் எடுப்பா" என்று திருத்துவார். "நூலகத்துக்குச் சர்ட்டிபிகேட் வேணும், படிச்சிருந்தாப் போறாது." மன்னி பவ்யமாக, "ஓ, அப்படியா" என்று பிரம்மராட்சசனைப் படிக்க அனுப்பிவைப்பாள். கொஞ்ச நாளில் அப்பாவும் கரண்ட்டு போவதை எதிர்பார்க்க ஆரம்பித்தார் என்றுதான் நினைக்கிறேன். கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

நேர்முகத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. தொடரில் ஒரு வழிப்போக்கன் தெரியாத்தனமாகப் பாலைமரத்து ஆணியைப் பிடுங்கினான். யட்சி வெளியே வந்து, எங்கே போவது என்று தெரியாமல் நிலா வெளிச்சத்தில் நின்றாள். கரண்ட்டு போயிற்று. வெளியே மழை. மன்னி விளக்கை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"இவளுக்கு என்ன ஜோலி, மாமி?"

"இவளுக்கு எங்கே கிடைக்கும்? முன்னூறு வயசாயிடுத்தே."

நாற்காலி கிரீச்சிட்டது. அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"அதெப்படி? மரத்துல அறைஞ்சு வெச்சிருந்த காலத்தைக் கழிக்கணுமாக்கும். அவ தப்பா அது? அடைபட்டுக் கிடந்ததை வயசுல சேக்கப்படாது. அப்படிப் பாத்தா இருபத்தஞ்சுக்கு மேலே போகாது. தாராளமா அப்ளை பண்ணலாம்."

ஒரு பெரிய வழக்கில் தீர்ப்புச் சொன்ன திருப்தி அவர் குரலில் இருந்தது. மன்னி திரியைக் கொஞ்சம் ஏற்றினாள். அவள் விரல்கள் அசையவில்லை.

"அப்பா, நான் இங்கே வந்து மூணு வருஷம் ஆச்சு. அதையும் கழிச்சுக்கலாமா?"

இப்படி ஒரு வார்த்தையை அந்த வீட்டில் யாரும் அப்பாவிடம் சொன்னதில்லை. மன்னியும் சத்தமாகச் சொல்லவில்லை. விதி கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"திங்கக்கிழமை இன்டர்வியூ. போயிட்டு வரட்டுமா?"

அடுக்களை வாசலில் நின்ற அம்மா மெல்ல, "யட்சிக்கு ஒரு நியாயம், நம்ம கொழந்தைக்கு ஒண்ணா?" என்றாள். அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கரண்ட்டு வந்தது. திரையில் யட்சி நடக்கத் தொடங்கியிருந்தாள். அப்பா அதைப் பார்க்கவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முதல் தடவையாக மன்னியின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"குடை எடுத்துண்டு போ."

வேலை கிடைத்தது. முதல் நாள் அவள் நனைந்த குடையோடு வந்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூடத்தில் நின்றாள். அந்த வீட்டில் ஆண்களின் குடைக்கு இடம் இருந்தது. பெண்களுக்குத் தனிக்குடையே கிடையாது. மறுநாள் காலை அப்பா சுத்தியலைத் தேடி எடுத்தார். வாழ்நாளில் ஆணி அடித்தறியாத மனுஷர். விரலில் ஒரு தரம் அடித்துக்கொண்டார், ஆணியும் கோணலாகத்தான் போயிற்று. "கைக்கு எட்டறதா பாரு" என்றார். எட்டியது. பின்னால் நான் வேலைக்குப் போனபோது என் குடையும் அதிலேயே தொங்கியது. எனக்காக யாரும் யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

மன்னி ஓய்வுபெற்று வெகுகாலம் ஆகிறது. இப்போது மகளோடு கழக்கூட்டத்தில், உயரமான கட்டடத்தில் இருக்கிறாள். போன மாதம் அந்த வீட்டிலிருந்தே கூப்பிட்டு, "உங்க யட்சி என்ன பண்றா, மன்னி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சிரித்தாள். "அவளுக்கு ரிட்டயர்மெண்ட் ஏது? இங்கே கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடங்கள்ல ராத்திரியெல்லாம் லைட் எரியறதே, அங்கே எங்கேயாவது உக்காந்துண்டிருப்பா." பிறகு, "ஆணி இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

பேசிக்கொண்டிருக்கும்போதே பெயிண்டர் குறடோடு வந்து நின்றான். நாகர்கோவில் பக்கத்துப் பையன். "இத பிடுங்கிரட்டாக்கா? சொவரு நல்லா நெரப்பா வரும்."

வேண்டாம் என்றேன். தூறலில் நான் பிடித்துவந்த குடை வாசலில் நனைந்து கிடந்தது. அதை எடுத்துவந்து அந்த ஆணியில் மாட்டினேன்.