வரவேற்பறையில் ஒரு கணப்பு

நானும் என் கணவரும் இங்கிலாந்தில் தாதியர்களாக வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றதும் பினாங்குக்குத் திரும்பினோம். கெலுகோரில், பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய டெரஸ் வீடு ஒன்று வாங்கியவுடன் அவர் முதல் வேலையாக வரவேற்பறைச் சுவரில் ஓர் எரிவாயுக் கணப்பைக் கட்ட வைத்தார். பீங்கானில் செய்த பொய்க் கரித்துண்டுகள், அவற்றின் நடுவே தீ, புகை வெளியேறக் கூரைவரை ஒரு குழாய். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"இந்த வெயில்ல இது எதுக்குண்ணே?"

அவர் ஏர்கோனில் குளிரைக் கூட்டி வைத்துவிட்டு, "இப்ப குளிருதா இல்லையா?" என்பார்.

அவர் இறந்த பிறகு பல மாதங்கள் நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு மழை நாளில் என்ன தோன்றியதோ, பற்ற வைத்தேன். அறையில் ஏதோ ஒன்று அசைந்துகொண்டிருப்பது ஆறுதலாக இருந்தது. அதற்குப் பிறகு தினமும் மாலையில் ஜன்னல்களை மூடி, ஏர்கோனைப் போட்டு, தீயின் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளிடம் இதைச் சொல்லவில்லை.

பிறகு தலைவலி வர ஆரம்பித்தது. ரத்த அழுத்தம் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பூசை முடியும்வரை தலை தெளிவாக இருக்கும். வீடு திரும்பி, மாலையானால் மறுபடியும் வலிக்கும். ஆட்களோடு இருந்தால் நன்றாக இருக்கிறேன், தனிமைதான் இப்படிப் படுத்துகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். கரித்துண்டுகளில் மசி படிந்திருந்ததைப் பார்த்தும் துணியால் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். இத்தனை வருடம் நோயாளிகளைக் கவனித்தவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்ணும் அவள் கணவரும் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கிறார்கள். கடையில் மிஞ்சிய மீன்தலைக் கறியை அவள் எப்போதாவது கொண்டுவந்து தருவாள். ஒரு நாள் மாலை, நான் தீயின் முன்னால் இருந்தபோது, அப்படி வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. எழுந்தேன், கால் நிற்கவில்லை, அப்படியே நாற்காலி ஓரமாகச் சரிந்தேன். சத்தம் கேட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"யா அல்லா! அக்கா, என்ன இப்படி மூடி வச்சிருக்கீங்க? மூச்சே விட முடியலலா!"

கேஸை அடைத்து, ஜன்னல்களைத் திறந்து, என்னைத் தூக்கிப் பிடித்துக் கார் நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். மருத்துவமனையில் பிராணவாயு கொடுத்தார்கள். "வீட்டில் எதையாவது எரிக்கிறீர்களா?" என்று டாக்டர் கேட்டபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

கணப்பைப் பார்க்க வந்த கேஸ்காரர் கூரையில் ஏறி, குழாயிலிருந்து ஒரு மைனாக் கூட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார். சுள்ளிகளோடு பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல்களும் பின்னிக் கிடந்தன. சுவரில் இருந்த காற்றுத் துவாரத்தையும் கைகாட்டினார். காட்டுத்தீயால் ஊரெல்லாம் புகைமூட்டம் வந்த ஒரு வருடம், என் கணவருக்கு மூச்சிழுப்பு அதிகமானதால் நாங்கள் இருவரும் சேர்ந்து டேப் ஒட்டி அடைத்தது.

"பொகை மேல போகல, வெளிக்காத்தும் உள்ள வரல. அப்புறம் நச்சுக் காத்து இங்கேயேதான் நிக்கும். அதுக்கு வாடையும் இருக்காது. வருசம் ஒரு தடவ ஆளக் கூப்பிட்டுச் சுத்தம் பண்ணுங்க அக்கா."

டேப்பை நானே உரித்தேன். ஒரு மூலையில் அவர் கட்டைவிரலால் அழுத்திய சுருக்கம் அப்படியே இருந்தது. அதை எறிய எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

மகள் போனில் அழுதாள். "அத எடுத்துப் போட்டுருங்கம்மா."

"எடுக்க மாட்டேன். ஒழுங்கா பாத்துக்கிறேன்" என்றேன்.

இப்போது குழாயின் வாயில் வலை போட்டிருக்கிறது. ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் தீ மூட்டுகிறேன். குளிர் நிற்பதில்லை, வியர்க்கிறது. கொஞ்ச நேரத்தில் அணைத்துவிடுகிறேன். நச்சுக்காற்று வந்தால் கத்தும் கருவி ஒன்றும் சுவரில் இருக்கிறது. அது வேலை செய்கிறதா என்று வாரம் ஒரு முறை பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தினால் வீடே அலறும்.

உடனே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

"அக்கா! ஒன்னும் இல்லியே?"

"ஒன்னும் இல்ல, சும்மா அழுத்திப் பாத்தேன்."

சில வாரங்களில் இரண்டு தடவை அழுத்துகிறேன்.