நான் போலி என்று சொன்ன பதக்கம்

1995ஆம் ஆண்டு மார்ச் மாதம். ரொறன்ரோவில் பனி இன்னும் முழுதாகக் கரைந்திருக்கவில்லை. நாங்கள் அப்போது மல்வேர்னில் ஒரு அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்தோம். நான் ஸ்காபரோவில் ஒரு சிறிய தொழிற்சாலையில் வேலை செய்தேன். விளையாட்டுக் கிண்ணங்களுக்கு முலாம் பூசுவது, சங்கங்களுக்காகச் சட்டையில் குத்தும் பட்ஜ்களில் எனாமல் நிறம் நிரப்புவது. இதுதான் எங்கள் வேலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பொருட்கள் விற்கும் சந்தை ஒன்றுக்குப் போவேன். கிழக்கு ஐரோப்பாவில் கம்யூனிஸ்ட் ஆட்சிகள் விழுந்த பிறகு, அந்த நாட்டுப் பதக்கங்களும் பட்ஜ்களும் பை பையாக இங்கே வந்து இறங்கின. ஹங்கேரி நாட்டு பட்ஜ் ஒன்றை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது அதன் எனாமல் வேலையைப் பார்த்து அசந்துபோனேன். எங்கள் தொழிற்சாலையில் அப்படி ஒன்றைச் செய்ய எவராலும் முடியாது. அன்று தொடங்கியதுதான். மூன்று வருடத்தில் இருநூறுக்கு மேல் சேர்த்துவிட்டேன். நூலகத்தில் புத்தகம் எடுத்து, அந்த மொழி தெரியாமலே பட்ஜ்களில் உள்ள சொற்களை எழுத்துக் கூட்டிப் படித்து, எது எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்கப் பழகினேன்.

அசல் எது, போலி எது என்பதும் பிடிபட்டது. பழைய பட்ஜ்களில் கண்ணாடித் தூளை உருக்கித்தான் நிறம் கொடுத்திருப்பார்கள். ஊசியால் கீறினால் ஊசிதான் வழுக்கும். போலிகளில் வெறும் பெயின்ற். கீறினால் உரிந்துவிடும். சந்தையில் கடை போட்டிருந்த போலந்துக்காரருக்கு என்மீது பெரிய நம்பிக்கை. யாராவது ஒன்றைக் கொண்டுவந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். கிழமை முழுவதும் ஒருவரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத எனக்கு, ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சுற்றி நின்று நான் சொல்வதைக் கேட்பது போதையாக இருந்தது. உண்மையைச் சொல்வதென்றால், அந்தப் போதைதான் என்னைக் கெடுத்தது.

அந்த மார்ச் மாதம் அறுபது வயதை ஒட்டிய பெண் ஒருவர் வந்தார். ஹங்கேரியர். கைக்குட்டையில் சுற்றி ஒரு பட்ஜ் கொண்டுவந்திருந்தார். சிறந்த தொழிலாளி என்று அரசாங்கம் கொடுத்த பட்ஜ். இரு பக்கமும் கோதுமைக் கதிர், மேலே சிவப்பு நட்சத்திரம். தன் அம்மாவுக்கு நெசவாலையில் கிடைத்தது என்றும், அம்மா இறந்த பிறகு தம்பி புடாபெஸ்டிலிருந்து அனுப்பியிருக்கிறார் என்றும் சொன்னார். விற்க வரவில்லை. அசல்தானா என்று மட்டும் தெரியவேண்டும்.

ஏன் அப்படிக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. எல்லோரும் பார்க்க, ஊசியை எடுத்து நட்சத்திரத்தின் நடுவில் ஒரு கீறல் போட்டேன். சிவப்பு உரிந்து வந்தது.

“இது போலி,” என்றேன். “அசலில் இப்படி உரியாது.”

அவர் முகம் இறுகிவிட்டது. தன் மொழியில் ஏதோ சொன்னார். பிறகு ஆங்கிலத்தில், “அப்படியென்றால் இது எனக்கு வேண்டாம்,” என்று சொல்லி, பட்ஜை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். கைக்குட்டையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார். போலந்துக்காரர் பட்ஜை என் பக்கம் தள்ளி, நீயே வைத்துக்கொள் என்றார்.

போலி செய்பவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கலாம் என்ற எண்ணத்தில்தான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்று பின்னேரமே சமையலறை மேசையில் வைத்து, பூச்சைக் கரைக்கும் அசிற்றோன் தொட்ட பஞ்சால் சிவப்பைத் துடைக்கத் தொடங்கினேன். நட்சத்திரத்தின் இரண்டு முனைகளைத் துடைத்து முடித்திருப்பேன். தேநீர் கொண்டுவந்த மனைவி பஞ்சைப் பார்த்துவிட்டு நின்றாள்.

“இஞ்சருங்கோ, உது பெயின்ற் இல்லை. நகத்துக்குப் பூசுற கியூட்டெக்ஸ். கலியாணவீட்டுக்குப் போட்டு வந்து நான் துடைக்கேக்கையும் பஞ்சிலை இப்பிடித்தான் வரும்.”

எனக்குச் சுருக்கென்றது. பட்ஜ்களைப் போலியாகச் செய்து விற்பவன் நகப்பூச்சா பூசுவான்? பூதக்கண்ணாடியை எடுத்து, துடைத்த இரண்டு முனைகளையும் பார்த்தேன். ஓரங்களில் பொடிப்பொடியாக ஏதோ மினுங்கியது. ஊசியால் தொட்டேன். வழுக்கியது. கண்ணாடி. உண்மையான, சூளையில் உருகிய சிவப்புக் கண்ணாடி. நடுவில் இருந்ததை யாரோ கூரான ஒன்றால் கொத்தி எடுத்திருந்தார்கள். அடியிலிருந்த செப்பில் அந்தக் கொத்தல் தடங்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. பிறகு அந்தப் பள்ளத்தை நகப்பூச்சால் நிரப்பி மறைத்திருக்கிறார்கள். கோதுமைக் கதிர்களின் பச்சையை இப்போதுதான் சோதித்தேன். அசல். பின்பக்கத் திருகாணி, இலக்கம், எல்லாம் அசல்.

பட்ஜ் முழுவதும் உண்மை. நான் ஊசி வைத்த ஒரு இடம் மட்டும்தான் அப்படியில்லை.

 போர் காரணமாக யாழ்ப்பாணத்திலிருந்து என் அண்ணனின் கடிதம் ஒன்று வந்து சேர அப்போது மூன்று மாதம் எடுக்கும். உடன்பிறந்தவர் அனுப்பும் ஒரு பொருள் என்னவென்று எனக்குத் தெரியும். அதைத்தான் ஐந்து விநாடியில் போலி என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது, முகவரி தெரியாது. போலந்துக்காரருக்கும் தெரியாது. மறு ஞாயிறு சந்தை மூடும்வரை காத்திருந்தேன். அவர் வரவில்லை. புளோர் வீதியில் ஹங்கேரியர்களின் கடைகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, சனிக்கிழமை பஸ்ஸும் சப்வே ரயிலும் மாறி அங்கே போனேன். ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். ஒரு உணவகத்தில் பட்ஜைக் காட்டியதும் முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த நட்சத்திரத்துக்குப் பயந்துதான் தாங்கள் நாட்டை விட்டு ஓடிவந்தோம், அதைக் கடைக்குள் கொண்டுவராதே என்று வெளியே அனுப்பிவிட்டார். நியாயமான கோபம். அதன் பிறகு பட்ஜைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வாயால் மட்டும் விசாரித்தேன்.

மூன்று சனிக்கிழமைகள் போயின. வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாம் இருக்க ஏன் இந்த அலைச்சல் என்று மனைவி கேட்டாள். “பிழை சொன்னது நான். நான்தானே திருத்தவேணும்,” என்றேன். அதற்குப் பிறகு அவள் சனிக்கிழமைகளில் சாப்பாடு கட்டித் தரத் தொடங்கினாள்.

நாலாவது முறை, இறைச்சிக் கடை ஒன்றில் காசாளராக இருந்த பெண் நான் சொன்ன அடையாளத்தைக் கேட்டு யோசித்தார். அப்படி ஒருவர் வியாழக்கிழமை காலையில் வருவார் என்றார். வேலையிடத்தில் கெஞ்சி ஷிஃப்ற் மாற்றிக்கொண்டு வியாழக்கிழமை கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். பதினொரு மணியளவில் அவர் வந்தார். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. பேசாமல் விலகிப் போகப் பார்த்தார்.

“நான் சொன்னது பிழை,” என்றேன். “உங்கள் தம்பி அனுப்பியது அசல்.”

அவர் அப்படியே நின்றுவிட்டார். கடை ஓரத்தில் கோப்பி குடிக்க ஒரு சின்ன மேசை இருந்தது. அங்கே அமர்ந்து, கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். நகப்பூச்சில் ஒரு பகுதியை நான் அறியாமல் துடைத்துவிட்டதையும் மறைக்காமல் சொன்னேன். அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

அவர் மெல்லச் சொல்லத் தொடங்கினார். 1956இல் ஹங்கேரியில் எழுந்த கிளர்ச்சியை சோவியத் இராணுவம் அடக்கியபோது, இருபது வயதில் எல்லை தாண்டி ஓடிவந்தவர் அவர். புறப்படும் முன் அம்மாவோடு பெரிய சண்டை. கம்யூனிஸ்ட் அரசாங்கத்திடம் வாங்கிய பட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு பெருமையாகத் திரியும் அம்மாவை, நீயும் அவர்கள் ஆள்தான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதன் பிறகு அம்மாவைப் பார்க்கவே இல்லை. தம்பி அனுப்பிய பட்ஜில் நட்சத்திரம் முன்பு பார்த்ததுபோல் இல்லாததால், அசலை விற்றுவிட்டு வேறொன்றை அனுப்பிவிட்டானோ என்று சந்தேகம். நான் போலி என்று சொன்ன அன்றே தம்பிக்குத் தொலைபேசி எடுத்துக் கள்ளன் என்று திட்டி, அவர் பதில் சொல்லுமுன்பே வைத்துவிட்டாராம். பிறகு தம்பியிடமிருந்து வந்த இரண்டு கடிதங்களையும் பிரிக்கவே இல்லையாம்.

“நட்சத்திரத்தைக் கொத்தி எடுத்தது யார்?” என்று கேட்டார்.

வாய்வரை ஒரு பதில் வந்தது. அடக்கிக்கொண்டேன். “அது எனக்குத் தெரியாது. உங்கள் தம்பியைக் கேளுங்கள்,” என்றேன். பட்ஜைத் திருப்பிக் கொடுத்து, என் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மூன்று நாள் கழித்து அழைத்தார். அழுதிருந்தார் என்பது குரலில் தெரிந்தது. கடிதங்களில் எல்லாம் இருந்ததாம். மகள் எல்லை தாண்டிய கிழமை, அம்மா சமையலறையில் இருந்துகொண்டு கத்தரிக்கோல் முனையால் நட்சத்திரத்தைக் கொத்தி எடுத்திருக்கிறார். அடுத்த மே தினத்துக்கு எல்லோரும் பட்ஜ் குத்தி வரவேண்டும் என்று ஆலையில் உத்தரவு வந்ததும், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நகப்பூச்சு வாங்கித் தடவிக்கொண்டு போயிருக்கிறார். இதைக் கடிதத்தில் எழுதினால் அரசாங்க ஆட்கள் பிரித்துப் படிப்பார்கள் என்ற பயத்தில் மகளுக்குக் கடைசிவரை எழுதவே இல்லை.

நட்சத்திரத்தை நிரப்பித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றார். அந்த ஓகஸ்டில் தம்பியைப் பார்க்க முப்பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு புடாபெஸ்ட் போனார்.

நான் இப்போதும் பட்ஜ் சேர்க்கிறேன், இப்போதும் ஆட்கள் கொண்டுவந்து காட்டுகிறார்கள். ஆனால் முதலில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவர்களை இருக்கச் சொல்லி, இது எப்படி உங்கள் கைக்கு வந்தது என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியை எடுக்கிறேன். ஏனென்றால், எனக்குத் தெரிந்த ஒன்றை வைத்து எனக்குத் தெரியாத ஒரு குடும்பத்துக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்ட அந்த ஐந்து விநாடியை நான் மறக்கவில்லை.