மனைவியைக் கேட்கவும்

அந்தக் கிளினிக் கொப்பியின் மட்டையில் நீல மையால் 'வயது 58' என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே சிவப்பு மையில், மிஸியின் குண்டுக் கையெழுத்தில் இரண்டே சொல்: 'மனைவியைக் கேட்கவும்.' ஐந்து வருடத்துக்குப் பிறகு, போன கிழமை, அதே கொப்பி அதே பொலித்தீன் உறைக்குள் என் மேசைக்கு வந்தது. பார்த்ததும் சிரிப்பு வந்தது. அதன் பின்னால் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

மட்டக்களப்பில் ஸ்கேன் படம் எடுப்பது என் தொழில். மிஸி எங்கள் அறையின் தாதி. என்னைவிடப் பத்து வயது இளையவர், பத்து மடங்கு கோபக்காரி. உள்ளுறுப்புகள் படத்தில் தெளிவாகத் தெரிவதற்கு நரம்பில் ஒரு மருந்து ஏற்றுவோம், கொன்ட்ராஸ்ட் என்போம். அதை வெளியே தள்ளுவது சிறுநீரகத்தின் பொறுப்பு. சோர்ந்துபோன சிறுநீரகத்துக்கு முழு அளவைக் கொடுத்தால் மிச்சமிருக்கிற சக்தியும் போய்விடலாம். ஆகவே இரத்த முடிவையும் வயதையும் நிறையையும் வைத்து ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரே இரத்த முடிவுதான். வயது ஏற ஏற அதன் கருத்து மோசமாகும்.

மிஸி அடையாள அட்டையைப் பார்த்து வயதை எழுதவே மாட்டார். ஊர்ப்பக்கத்து ஆட்களிடம், "சூறாவளி அடிக்கக்குள்ள உங்களுக்கு எத்தின வயசு?" என்று கேட்பார். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியை இங்கே மறந்தவர் இல்லை. இடம்பெயர்ந்து, பத்திரங்களைத் தொலைத்து, பிறகு உத்தேச வயது போட்டு அட்டை எடுத்தவர்கள் இங்கே எத்தனையோ பேர். எனக்கு அது பெரிய பகிடி. "மிஸி, நீங்க தாதியா, காலநிலை அவதானிப்பாளரா?" என்று கேட்பேன். "சிரிங்க, சிரிங்க. ஒருநாளைக்கு உங்கட பல்லெல்லாம் கொட்டும்" என்பார்.

கொட்டிய நாள் ஒரு மத்தியானம். மிஸி சாப்பிடப் போயிருந்தார். கரடியனாற்றிலிருந்து ஒருவர், வயிற்றில் கட்டி என்ற சந்தேகத்தோடு வந்திருந்தார். அரிசி ஆலையொன்றில் காவலாளி. அட்டைப்படி ஐம்பத்தெட்டு. கணக்குப் பார்த்தேன்; எங்கள் எல்லைக் கோட்டுக்கு மயிரிழை மேலே நின்றது. கோட்டுக்கு மேலே என்றால் முழு அளவு கொடுக்கலாம். கெட்டிக்காரன்தானே நான், முழு அளவை நிரப்பி ஊசி இயந்திரத்தில் பூட்டினேன். வெளியே இருந்த மனைவியின் பயம் போக்கலாமென்று கதவைத் திறந்து, "யோசிக்காதீங்க அம்மா, அவர் இன்னும் இளந்தாரிதானே" என்றேன்.

"இளந்தாரியா? என்ன மனே கதைக்கிறாய்? சூறாவளி அடிக்கக்குள்ள எங்கட மூத்தவன் கைப்பிள்ளை. பிள்ளையையும் தூக்கிக்கிட்டுக் கோயிலுக்கு ஓடின மனிசன் இவர்!"

சூறாவளி அடித்து நாற்பத்து மூன்று வருடம். மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். அட்டையை நம்பினால் மனிதர் பதினைந்து வயதில் தகப்பன். 

அதற்குப் பிறகு நான் செய்த வீரச்செயல்களை மறைக்க மாட்டேன். பொத்தானை யாராவது அமர்த்திவிடுவார்கள் என்று பயந்து, நோயாளியைத் தவிர ஆளே இல்லாத அறையில் "ஒருத்தரும் தொடாதீங்க!" என்று கத்தினேன். ஒற்றைச் செருப்போடு கன்டீனுக்கு ஓடினேன். ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று நோயாளியும் கட்டிலை விட்டு இறங்கி என் பின்னால் ஓடிவந்தார். சோற்றுக் கையோடு எழும்பிய மிஸி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "இதில ஆர் நோயாளி?"

மிஸி மனைவியிடம் கேட்டார்; எழுபது என்றார். அந்த வயதுக்குக் கணக்குப் போட்டதும் எண் கோட்டுக்குக் கீழே விழுந்தது. மிஸி டொக்டருக்குப் போன் எடுத்தார். படம் கட்டாயம் வேண்டும், அளவைக் குறையுங்கள், முதலில் சேலைன் ஏற்றுங்கள் என்றார் டொக்டர். மிஸி கொப்பியைத் திறந்து வயதைத் திருத்தப் போனார். அந்த மனிதர் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார்.

"எழுதாதீங்க மிஸி. சுகமில்லாட்டி இந்தக் கொப்பியைத்தான் ஆலையில காட்டுற. அறுபது முடிஞ்சா அவன் நிப்பாட்டிருவான்."

"அப்ப கிட்னி போனாப் பரவாயில்லையா?"

"வேலை போனா நாளைக்கே தெரியும். கிட்னி போறது ஆருக்குத் தெரியும்?"

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. பிறகு ஆலைக்காரன்மேல், உத்தேசமாக வயது போட்டவன்மேல், கடைசியில், ஒரு கேள்வி கேட்கவும் பஞ்சிப்பட்டுச் சும்மா இருந்த என்மேல். ஒரு மனிதர் தன் வயதை ஒளித்துவைத்துத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அவருடைய சிறுநீரகத்தை நான் சிரித்துக்கொண்டே கெடுக்கப் பார்த்தேன். மிஸி சிவப்புப் பேனையை எடுத்தார். வயதைத் தொடாமல் அந்த இரண்டு சொல்லை எழுதினார். சேலைன் ஏற்றி, குறைந்த அளவில் படம் எடுத்தோம். கட்டி சாதுவானது. சிறுநீரகமும் தப்பியது.

மிஸி மூன்று வருடத்துக்கு முன் வெளிநாடு போய்விட்டார். அவருடைய கதிரைக்கு இன்னும் ஆள் வரவில்லை, கணினிதான் வந்திருக்கிறது. அடையாள அட்டை இலக்கத்தை அடித்தால் அதுவே வயதையும் போட்டு, மருந்தின் அளவையும் சொல்லும். போன கிழமை அது 63 என்றது. திரையில் அந்த வயதுப் பெட்டிக்குள் கைவைத்துத் திருத்த வழியில்லை. மனிதருக்கு இப்போது எழுபத்தைந்து. அட்டையில் அறுபது ஆனதுமே ஆலை அனுப்பிவிட்டது. முதியோர் கொடுப்பனவு கேட்டுப் போனால், எழுபது ஆகவில்லை என்று அதே அட்டையைக் காட்டித் திருப்பிவிடுகிறார்களாம். 

கணினி பூட்டிய பொடியனுக்குப் போன் எடுத்தேன். "அட்டையில உள்ளதுதான் சேர் சரி" என்றான்.

"அட்டைக்கா தம்பி நான் ஊசி போடுறன்?" என்று கத்தினேன். நோயாளி கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். பழைய பழக்கம்.

அவரைப் படுக்கவைத்துவிட்டு, கையால் கணக்குப் போட ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். திரையில் 63 அசையாமல் நின்றது. அதற்கு முதுகைக் காட்டி, கதவைத் திறந்து, சிவப்பு மை சொன்னபடி கேட்டேன்.

"எழுபத்தைஞ்சு" என்றார் அந்த அம்மா. "போனமுறையும் சொன்னதானே மனே? உங்கட மிசினுக்குக் காது கேளாதா?"