சௌந்திரத்தின் தறிக்குழியில் ஊறிய தண்ணீர்

சௌந்திரம் தறிக்குழியில் காலை இறக்கியது, சேலத்து நெசவாளர் தெருவில் கொலை விழுந்ததைவிடப் பெரிய சேதியாகிவிட்டது. அந்தத் தெருவில் பெண்கள் நூல் சுற்றலாம், பாவு ஓட்டலாம், கஞ்சி காய்ச்சலாம், முதுகொடிய எந்த வேலையும் செய்யலாம். தறிக்குழியில் உட்கார்ந்து, ஊடுநூல் ஓட்டும் நாடாவைத் தள்ளி நெய்ய மட்டும் கூடாது. ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. பதில் தெரியாத காரியத்துக்குத்தான் நம் ஊரில் வழக்கம் என்று பெயர்.

அவள் புருஷன் கந்தவேல், வண்டி குடை சாய்ந்து இடுப்பு முறிந்து கிடந்தான். குழிக்குள் இருக்கும் மிதிகட்டையை மிதிக்க அவன் கால் இனி உதவாது. பாதி நெய்த சேலை தறியிலேயே நின்றது. சௌந்திரம் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு தானே குழியில் இறங்கினாள்.

அடுத்த மாசமே குழியில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. வெளியே கத்திரி வெயில், மழை என்ற பேச்சே இல்லை. உள்ளே கணுக்கால் நனைந்தது, மிதிகட்டை உப்பியது, தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல் ஈரம் குடித்துத் தொய்ந்தது.

கந்தவேலின் அண்ணன் சரவணமுத்து அடுத்த பாகத்தில் இருந்தார். ஒரே வீட்டை நடுச்சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டவர்கள். தம்பி பெண்டாட்டியிடம் நேராகப் பேசுவது முறையல்ல என்று, வாசலில் நின்று தம்பியிடம் சொன்னார்.

"டேய் கந்தா, பொம்பள கால் பட்டுப் பூமாதேவி அழுவறாடா. தறிய எங்கூட்டுக்கு மாத்திப்புடு, எம்பையன் நெய்யட்டும். உங்களுக்குச் சோறு நான் போடறேன்."

சௌந்திரமும் புருஷனைப் பார்த்தே பதில் சொன்னாள். "எங்க சோத்த நாங்க பாத்துக்கறோம்னு சொல்லுங்க. எம்பட கால் பட்டு அழுவறதுக்கு அது என்ன முள்ளா? தண்ணி எங்கிருந்தோ வருது. கண்டுபுடிக்கறேன்."

பஞ்சாயத்து கூடியது. ஊர்ப் பெரியதனக்காரர் ராசப்பன், வெள்ளிக்கிழமைக்குள் குழி காயாவிட்டால் தறியை அண்ணன் வீட்டுக்குத் தூக்கிவிட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். தறி போனால் அப்புறம் காலமெல்லாம் அண்ணன் வீட்டுத் தட்டுதான்.

முதலில் தன் வீட்டையே சந்தேகப்பட்டாள். தண்ணீர்ப் பானைகளை வாசலுக்குக் கொண்டுபோனாள், குளியலைத் தெருக்கிணற்றடிக்கு மாற்றினாள். ஈரம் நிற்கவில்லை. குழியை இறைத்துவிட்டு நாலு பக்கச் சுவரிலும் அடுப்புச் சாம்பலைத் தட்டி, ஈரம் பட்டு எங்கே முதலில் கறுக்கிறது என்று குந்திப் பார்த்தாள். நடுச்சுவர்ப் பக்கம்தான் கறுத்தது.

அந்தச் சுவரின் மறுபக்கம் சரவணமுத்துவின் தொட்டி. பனமரத்துப்பட்டி ஏரித் தண்ணீர் குழாயில் டவுனுக்கு வந்ததும், வீட்டுக்கே குழாய் இழுத்துத் தொட்டி கட்டியவர் அவர். தெருவிலேயே முதல் தொட்டி. ஒரே ஒரு நாள் அதைக் காலி செய்து வைக்கச் சொல்லி ஆள் விட்டாள். "எந்தொட்டியக் கொற சொல்றதுக்கு இவ யாரு?" என்று பதில் வந்தது.

இனி கேட்டுப் பயனில்லை. சேலைக் கரைக்கு வாங்கி மீந்த சாயத்தூள் வீட்டில் இருந்தது, சிவப்பும் பச்சையும். சிவப்பைக் கையில் எடுத்தவள் திரும்ப வைத்துவிட்டாள். குழியில் சிவப்பாக ஊறினால் ரத்தம் என்று கூப்பாடு போட்டு வேப்பிலை கட்டிவிடுவார்கள். பச்சை ரத்தம் எந்தச் சாமிக்கும் கிடையாது.

வியாழக்கிழமை பட்டப்பகலில் பக்கத்துப் பாகத்துக்குள் போய்ப் பொட்டலத்தைத் தொட்டியில் கவிழ்த்தாள். சரவணமுத்துவின் மனைவி சுப்பம்மாள் பதறினாள்.

"என்னடி கொட்டற?"

"சாயந்தானுங்கக்கா. மாமா கேட்டா நாந்தான் கொட்டுனேன்னு சொல்லுங்க. ஒளிக்க வேண்டாம்."

சுப்பம்மாள் சொன்னாளோ, பயத்தில் மென்று விழுங்கினாளோ, வெள்ளிக்கிழமை விடியல் இருட்டில் சரவணமுத்து வழக்கம்போலத் தொட்டியில் மொண்டு வேட்டியை அலசினார். வெளுத்த வேட்டி கிளிப்பச்சையாகிவிட்டது. அதை இடுப்பில் சுற்றிக்கொண்டே ராசப்பனையும் தெருவையும் திரட்டி வந்தார். முறையெல்லாம் மறந்து முதல் தடவையாக அவளைப் பார்த்தே கத்தினார்.

"பாருங்க, இந்தப் பொம்பள பண்ணுன அக்கிரமத்த!"

"உள்ள வந்தும் பாருங்க மாமா," என்றாள் சௌந்திரம்.

குழியில் தண்ணீர் நின்றது. வேட்டியின் அதே பச்சை. ராசப்பன் குனிந்து விரலை நனைத்தார், வேட்டியைப் பார்த்தார், மறுபடி குழியைப் பார்த்தார். பின்னால் நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

"தொட்டிதான் ஒழுவுது, சரவணமுத்து. பூசிப்போடு," என்றார் ராசப்பன். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இருந்தாலும் அம்மிணி, ஒரு பொம்பள குழியில எறங்கறதுங்கறது..."

சௌந்திரம் அதற்குள் இறங்கிவிட்டாள். பச்சைத் தண்ணீருக்குள் காலை விட்டு மிதிகட்டையைத் தேடிப் பிடித்தாள்.

"தண்ணி வருதுன்னீங்க. அது எங்கிருந்துன்னு காட்டிப்புட்டேனுங்க. வேறெதாச்சும் காரணம் இருந்தாச் சொல்லுங்க, அதையும் தேடிப் பாக்கறேன்."

ராசப்பன் ஏதோ சொன்னார். நாடா ஓடத் தொடங்கிவிட்டதால் அது யார் காதிலும் விழவில்லை.