தூங்குகிற ஊருக்கு ஒரு பங்கு

அவருக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் அதைச் செய்தேனா? பத்து நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

அவர் என்றால் என் கணவர். குவைத்தில் கட்டட வேலை நடக்கும் இடங்களில் மேற்பார்வையாளர். நான் வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் மாமியாரோடும் பதினாலு மாதப் பெண் குழந்தையோடும் இருக்கிறேன். எம்.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்திருக்கிறேன். குழந்தை பிறந்த பிறகு எனக்குள் ஏதோ மரத்துப்போய்விட்டது. அழுகையும் வருவதில்லை, சிரிப்பும் வருவதில்லை. தடுப்பூசி, கேழ்வரகுக் கூழ், குளிப்பாட்டல் எல்லாம் நேரத்துக்கு நடக்கின்றன. குழந்தையைத் தூக்கும்போது எடை தெரிகிறது. அதற்கு மேல் ஒன்றும் தெரிவதில்லை. இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

தினமும் மாலையில் அவர் பேசுவார். சாப்பிட்டாயா, பாப்பா சாப்பிட்டதா, அம்மா மாத்திரை போட்டார்களா. மூன்று கேள்விகள், மூன்று பதில்கள். பிறகு இருவரும் பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். பேசுவதற்கு ஏதாவது வேண்டும் என்றுதான் போன பொங்கலுக்கு வந்தபோது என் போனில் அந்த விளையாட்டை ஏற்றிக்கொடுத்தார்.

அது ஒரு மலைப் பள்ளத்தாக்கு. ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர். நடுவில் ஒரு சுனை. மார்ச்சில் தொடங்கிய எழுபது நாள் ஆட்டத்தின் கடைசி நாளில் சுனையில் யாருடைய கொடி இருக்கிறதோ, அவருக்குத்தான் பள்ளத்தாக்கு. என் கணவருக்குக் கருங்கல் கோட்டை, நாலாயிரம் வீரர்கள், நெருப்புக் கக்கும் பறக்கும் பாம்பு ஒன்று. குவைத்தில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் மூன்று பேரும் அவர் கட்சி. எனக்குப் பன்னிரண்டு குடிசை, பத்தொன்பது ஆடு. ஆனால் சுனை என் எல்லைக்குள் விழுந்திருந்தது. அது வெறும் அதிர்ஷ்டம். சண்டை போட எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வீரனைக்கூட நான் சேர்க்கவில்லை.

"என்னம்மா, இன்னும் ஆடுதான் மேய்க்கிறியா?"

"ஆடாவது மேயுது. உங்க பாம்பு சும்மா தின்னுட்டுல்ல படுத்திருக்கு."

"கடைசி நாள் வரேன் பாரு. ஒன் ஆட்டயெல்லாம் பிரியாணி போட்டுர்றேன்."

பின்னால் யாரோ, "அண்ணி, நமக்கு ஒரு தட்டு எடுத்து வைங்க" என்று கத்துவது கேட்கும்.

ஏப்ரலில் பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க வேண்டும், ஜூனில் சேர வேண்டும், மே கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். மாமியாரிடம் சொன்னேன். "புள்ளைய நான் பாத்துக்கறேன். ஆனா அவன் சரின்னு சொல்லணும். நாளைக்கு ஒண்ணுன்னா என்னையத்தான் கேப்பான்" என்றார்.

அவரிடம் நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் பாப்பா சின்னது என்றார். ஐந்தாவது முறை சிரித்தார்.

"சரி, ஒரு பந்தயம். சுனைய நீ காப்பாத்திட்டீன்னா வேலைக்குப் போ. நான் புடிச்சிட்டா, பாப்பா ஒண்ணாங்கிளாஸ் போற வரைக்கும் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"வெளாட்டுக்குச் சொல்றீங்களா, நெசமாவா?"

"நெசந்தான். இவனுங்க மூணு பேரும் சாட்சி."

மூன்று பேரும் சிரித்தார்கள். பத்தொன்பது ஆட்டுக்கும் நாலாயிரம் வீரர்களுக்கும் பந்தயம் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சரி என்று சொல்லிவிட்டுப் பாப்பாவுக்குச் சட்டை மாற்றினேன்.

இனி எங்கள் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அரியலூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் ஊரில் ஏரித் தண்ணீர். பங்குக் கிணறு என்றால் என்னவென்று கல்யாணமாகி வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒரு கிணறு, நான்கு பங்காளிகள், நாள் முறை வைத்துத் தண்ணீர் இறைப்பது. ஆழப்படுத்தவோ மோட்டாரை மாற்றவோ நான்கு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நாலில் ஒரு பங்கு என் கணவரின் பெரியப்பாவுக்கு. அவர் திருச்சியில் குடியேறிப் பல வருடம் ஆகிறது. கிணறு வற்றிய வருடம் கையெழுத்துக் கேட்டபோது அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. வருகிறேன் என்றார். வரவே இல்லை. என் மாமனார் மூன்று முறை திருச்சிக்குப் போனார். மூன்றாம் முறை அவர் வீட்டு மாடிப்படியில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார். வயலில் சின்ன வெங்காயம் கருகிப்போனது. அடுத்த வருடம் என் கணவர் குவைத்துக்குப் போனார். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை இதைச் சொன்னார். படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமனார் இப்போது இல்லை. கையெழுத்து இன்னும் வரவில்லை.

ஆட்டம் முடிய ஆறு நாள் இருந்தது. மதியம் பாப்பாவை மடியில் தூங்கவைத்துக்கொண்டு போனில் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் மாமியார் பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அந்த மனுசன் போடவும் மாட்டாரு, போடலன்னும் சொல்ல மாட்டாரு. ஆளு கண்ணுல பட்டாத்தானே சண்டயாவது போடலாம்?"

"சண்ட போடறதுக்கும் ஆளு வேணுமே அத்தாச்சி."

அப்போது என் விரல் ஒரு பனிமூட்டத்தின் மேல் இருந்தது. விளையாட்டில் யாராவது பத்து நாளுக்கு மேல் வராவிட்டால் அவருடைய ஊரைப் பனி மூடிவிடும். அது தூங்குகிற ஊர். அதற்குள் எந்தப் படையும் நுழைய முடியாது. இன்னொரு விதியும் உண்டு. சுனையில் யாருக்கு வேண்டுமானாலும் பங்கு கொடுக்கலாம். பரிசாகக் கொடுத்தால், வாங்குகிறவர் சம்மதிக்கத் தேவையில்லை. ஆனால் பங்கு போட்ட சுனையைப் பிடிக்க வேண்டுமென்றால் எல்லாப் பங்குதாரர்களையும் ஜெயிக்க வேண்டும், அல்லது எல்லோருடைய சம்மதமும் வாங்க வேண்டும்.

தூங்குகிற ஊருக்குச் சுனையில் நாலில் ஒரு பங்கு கொடுத்தேன்.

எட்டில் ஒன்று கொடுத்திருக்கலாம். நூறில் ஒன்றுகூடப் போதும், விதி அப்படித்தான். நான் நாலில் ஒன்று கொடுத்தேன். அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அவருக்கு விடுமுறை. மூன்று மணிக்கே வீடியோவில் வந்துவிட்டார்கள், நான்கு பேரும். படை கிளம்பியது. என் வேலியை மிதித்துக்கொண்டு வந்தது. ஆடுகள் ஓடின. பாம்பு சுனைக்கு மேல் ஒரு வட்டம் அடித்துவிட்டு நின்றுவிட்டது.

"என்னடா நிக்குது?"

"எறக்குண்ணே, எறக்கு."

"எறங்க மாட்டேங்குதுடா. இன்னொரு பங்குதாரர் இருக்காருன்னு வருது."

"யாருண்ணே அது? அவனையும் அடிச்சித் தூக்கிருவோம்."

"ஊரே பனிக்குள்ள இருக்கு. ஆளு வரதே இல்லயாம்." அதன் பிறகு அவர் குரல் மாறியது. "சம்மதம் கேட்டு அனுப்பறேன். எடுக்க மாட்டேங்குது."

மூன்று முறை கேட்டு அனுப்பினார். திரையில் எனக்கும் தெரிந்தது. மூன்றாவது முறைக்குப் பிறகு அனுப்பவில்லை. கூட இருந்தவர்கள், "அண்ணி கில்லாடி அண்ணே, ஒரு அடி அடிக்காம கட்டிப் போட்டாங்க பாருங்க" என்று கை தட்டினார்கள். அவர் சிரிக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"நாலுல ஒரு பங்கா குடுத்த?"

"ஆமாங்க."

"எங்க பெரியப்பா கணக்கு."

இல்லைங்க, அப்படி நினைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையா என்று எனக்கே தெரியாதபோது எப்படிச் சொல்வது? மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். அதுவும் வாயில் வரவில்லை.

ஐந்து மணிக்கு ஆட்டம் முடிந்தது. சுனையில் என் கொடி இருந்தது. திரையில் பூ கொட்டியது. நான் எழுந்து போய்க் கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்தேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் வழக்கம்போலப் பேசினார். "ஸ்கூல்ல சொல்லிட்டியா? சொன்னது சொன்னதுதான், போ. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். குரலில் குத்தலும் இல்லை, சந்தோஷமும் இல்லை. அந்த விளையாட்டை அவர் போனிலிருந்து எடுத்துவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. இப்போது மறுபடியும் மூன்று கேள்விகள், மூன்று பதில்கள்.

மாமியாருக்கு எதுவும் தெரியாது. "அவனே சரின்னுட்டான், அப்புறம் என்ன யோசன?" என்கிறார். நான் பள்ளியில் இருக்கும் நேரத்துக்குப் பழகட்டும் என்று பாப்பாவைக் காலையில் தன்னோடு வைத்துக்கொள்ளவும் ஆரம்பித்துவிட்டார். பாப்பா அழவில்லை. அதுகூட நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பள்ளியிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. நாளை சொல்கிறேன் என்றேன், இரண்டு முறையும். இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. எனக்கு அந்த வேலை வேண்டும். வகுப்பில் நின்று கரும்பலகையில் எழுதினால் ஒருவேளை உள்ளே ஏதாவது அசையலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அவருடைய அப்பா உட்கார்ந்திருந்த படிக்கட்டில் அவரையும் உட்காரவைத்து வாங்கிய சம்மதம் இது. இதை வைத்துக்கொண்டு பஸ் ஏறலாமா? அல்லது பந்தயத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்லி, முதலிலிருந்து மறுபடியும் கேட்க வேண்டுமா? அப்படிக் கேட்டு அவர் பாப்பா சின்னது என்று சொல்லிவிட்டால், ஏழாவது முறை கேட்க எனக்குத் தெம்பு இருக்காது.

படிக்கிறவர்களில் வயதில் மூத்தவர்கள் இருப்பீர்கள், குழந்தையை விட்டு வேலைக்குப் போனவர்களும் இருப்பீர்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். என்னைத் திட்டுவதாக இருந்தாலும் எழுதுங்கள்.