நூற்று எழுபத்து நாலும் நூற்று ஒன்பதும்

தொழிற்சாலை வாசலில் ஒரு பெரிய பலகை மாட்டியிருந்தார்கள். போலீசுக்கு 100, தீயணைப்புக்கு 101 என்று சிவப்பில் எழுதி, பக்கத்தில் ஒரு டெலிபோன் படமும் போட்டிருந்தது. மெட்ராஸ் ஆபீசிலிருந்து லாரியில் வந்து இறங்கிய பலகை அது. படத்தில் இருந்த டெலிபோனுக்கு விரல் விட்டுச் சுழற்றும் டயல் இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டியில் ஒரு டெலிபோனுக்கும் டயல் கிடையாது. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைச் சுற்றினால், தபால் ஆபீசின் பின்னறையில் என் போர்டில் சின்னத் தகடு ஒன்று டக்கென்று விழும். நான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு "நம்பர் ப்ளீஸ்" என்பேன். அதற்குமேல் எல்லாம் என் கையில்தான்.

தொழிற்சாலைக்குப் புதிதாக வந்த அதிகாரி ஒருவர் இதை ஏற்றுக்கொள்ளவே மாட்டார். சைக்கிள் காணாமல் போனால்கூட "ஹண்ட்ரட்! ஹண்ட்ரட்!" என்று கத்துவார்.

"நூறு இங்க கிடையாது சார். போலீசுக்கு ஆறு."

"போர்டுல நூறுன்னுதானே போட்டிருக்கு?"

"போர்டு உங்க வாசல்ல இருக்கு சார். லைன் என்கிட்ட இருக்கு."

எனக்கு வாய் துடுக்கு என்று அவர் போஸ்ட்மாஸ்டரிடம் புகார் கொடுத்தார். போஸ்ட்மாஸ்டர் சிரித்துவிட்டு ஸ்டாம்பு விற்கப் போய்விட்டார். புகாரில் பொய் ஒன்றும் இல்லையே! ஊர்க்காரர்களோடு எனக்கு இந்தத் தகராறே கிடையாது. அவர்கள் நம்பர் சொன்னதே இல்லை. "யம்மா, டாக்டர் ஊட்டுக்குப் போடு, அங்க இல்லாங்காட்டி மருந்துக்கடைல கீறாரான்னு பாரு" என்பார்கள். நானும் பார்ப்பேன்.

நம்பரிலேயே பேசியவர்கள் போலீஸ்காரர்கள்தான். தினமும் காலையில் ஏட்டையா திருவள்ளூரில் இருந்த மேலதிகாரி ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டு, முந்தின நாள் கணக்கை ஒப்பிப்பார். முன்னூற்று எழுபத்தொன்பது என்றால் திருட்டு. நூற்று எழுபத்து நாலு என்றால் பிணம்: தூக்கு, தண்ணீர், ரயில் என்று எப்படிச் செத்திருந்தாலும் அந்த நம்பர்தான். நூற்று ஒன்பது என்றால் சந்தேகக் கேஸ். இருட்டில் சும்மா நின்றவன், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் திணறியவன் எல்லாரும் அதில் அடக்கம். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தினமும் காதில் விழுந்தால் எருமைக்குக்கூடப் புரியும்.

காதில் விழாமல் இருக்கவும் வழியில்லை. அந்த லைன் மெட்ராஸைச் சுற்றிக்கொண்டு போகும், பாதி நாள் ஒரே இரைச்சல். ஏட்டையா சொல்வது அந்தப் பக்கம் கேட்காது. அவர் ஒரு வரி சொல்ல, நான் அதையே உரக்கத் திருப்பிச் சொல்வேன். என் குரல் எப்படியோ திருவள்ளூர் வரை போய்விடும். போர்டில் கேட்டதை வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது எங்கள் வேலையில் சட்டம். நம்பராகச் சொல்வதால் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புரியப் போவதில்லை என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

ஒரு நாள் காலையில் ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு பெண் என் ஜன்னலுக்கு வந்தாள். நடவு வேலைக்குப் போகிறவள் என்று பார்த்தாலே தெரிந்தது. கணுக்கால் வரை சேறு காய்ந்திருந்தது.

"யம்மா, கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேளேன். நேத்து வேலைக்குப் போன எங்க ஊட்டுக்காரரு இன்னும் வர்ல."

தொழிற்சாலைக்குப் போட்டேன். "அவங்க கான்ட்ராக்ட் ஆளுங்க, எங்க கணக்குல வர மாட்டாங்க, ராத்திரியே எல்லாரும் போயாச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். அதைச் சொன்னேன். அவள் போகவில்லை. ஜன்னலுக்குக் கீழேயே குந்திக்கொண்டாள்.

அப்போதுதான் ஆறாம் நம்பர் தகடு விழுந்தது. வழக்கமான திருவள்ளூர் கால். லைனில் வழக்கமான இரைச்சல். ஏட்டையா சொல்லச் சொல்ல நான் உரக்கச் சொன்னேன்: "நேத்து ஒரு நூத்தி எழுபத்தி நாலு. ஒரு நூத்தி ஒன்பது. வேற ஒண்ணும் இல்ல."

ஜன்னல் கம்பியை இரண்டு கைகள் பிடித்தன. அந்தப் பெண் எழுந்து நின்றிருந்தாள்.

"யாரும்மா அந்த நூத்தி எழுவத்தி நாலு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க அண்ணன் தண்டவாளத்துல உழுந்தப்போ அந்த நம்பருதான் போட்டாங்கோ. டேசனுக்கு அலஞ்சி அலஞ்சி ரேகை வச்சவளே நான்தான். எனக்குத் தெரியாதா?" அவள் குரல் ஏறவே இல்லை. "இடது கைல சுண்டு விரல் கீதான்னு கேளு யம்மா. அவருக்குக் கெடியாது. ரைஸ் மில்லு பெல்ட்டுல போயிடுச்சு."

போலீஸ் கால் நடுவில் ஆபரேட்டர் மூக்கை நுழைத்தால் வேலை போய்விடும். அதெல்லாம் அப்போது யாருக்கு ஞாபகம்? "ஏட்டு சார், அந்தப் பொணத்துக்கு இடது கைல சுண்டு விரல் இருக்கா?" என்று கேட்டேன்.

"இன்னாம்மா நீ, நடுவுல பூந்துக்கினு? மேலிடத்து ஆளுங்க லைன்ல கீறாங்க!"

"இருக்கட்டும் சார். அந்த ஆளோட சம்சாரமா இருக்கும் போல, இங்க நிக்கிறாங்க. சொல்லுங்க."

ஏரியிலிருந்து பிணத்தைத் தூக்கி வந்த கான்ஸ்டபிள் அங்கேயே இருந்திருக்கிறார். ஏட்டையா அவரிடம் கேட்பது எனக்குக் கேட்டது. "ரெண்டு கைலயும் எல்லா வெரலும் கீதாம்" என்றார்.

நான் சொன்னதும் அவள் சுவரில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். "யார் பெத்த புள்ளயோ, யார் பெத்த புள்ளயோ" என்றாள். திருவள்ளூர்க்காரர் "ஹலோ, அங்கே என்ன நடக்குது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்லாமல் லைனைப் பிடுங்கிவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள். "இன்னொரு நம்பர் சொன்னியே யம்மா, அது இன்னா?"

"அது ஒண்ணும் இல்ல. ராத்திரியில சும்மா நின்னவங்களைப் புடிச்சா போடறது."

"சும்மான்னா?"

"ரயிலடி, கடைவாசல், இப்படி எங்கயாவது."

"கடைசி வண்டிய வுட்டா அவரு பிளாட்பாரத்துலதான் குந்திக்கினு இருப்பாரு" என்றாள்.

எனக்கு மண்டையில் உறைத்தது. "நீ போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகவே இல்லையா?"

"விடிஞ்சதும் மொதல்ல அங்கதான் போனேன். பேரு இன்னான்னு கேட்டாங்கோ. அத நான் எப்பிடிச் சொல்றது? சாமி பேருதான்னு சொன்னேன். எந்த சாமின்னு கத்தி, பேஜாரு பண்ணாதன்னு வெரட்டி வுட்டுட்டாங்கோ."

அவளை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பக்கத்தில் அப்போது எந்தப் பெண்ணும் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் பக்கத்தில் நிற்பவர்கள் எடுத்துச் சொல்வார்கள். அன்று அவளோடு யாரும் போகவில்லை. அவள் பேரைச் சொல்லவில்லை, அவர்களிடமோ அவனுக்கு நம்பர்தான். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இவள் கெஞ்சிக்கொண்டு நிற்க, அந்தப் பக்கம் அவன் குந்தியிருக்கிறான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ஆறாம் நம்பருக்கு நானே மணி அடித்தேன். "ஏட்டு சார், அந்த நூத்தி ஒன்பதுக்கு சுண்டு விரல் இருக்கா, போய்ப் பாருங்க."

"இன்னிக்கு ஒனக்கு இன்னாம்மா, வெரலாவே கேக்கற?"

"போய்ப் பாருங்க சார்!"

போனார். சாவிக்கொத்து சத்தம் கேட்டது, பிறகு இரண்டு பேர் நடந்து வரும் சத்தம். திரும்பி வந்தவர் குரல் இறங்கியிருந்தது. "இல்லம்மா. இடது கைல இல்ல. கம்பெனி ஆளுன்னுதான் சொல்லிக்கினே இருந்தான், சீட்டு கீட்டு ஒண்ணும் இல்ல, யார் நம்பறது? அடுத்த பஸ்ஸுல பொன்னேரி கோர்ட்டுக்கு அனுப்பறதா இருந்தேன். அவன் சொன்ன பேரும் அந்தப் பொம்பள சொல்ற பேரும் ஒண்ணா இருந்தா வுட்டுடறேன். பேரச் சொல்லச் சொல்லு."

அவளிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், ஸ்டாம்பு விற்றுக்கொண்டிருந்த போஸ்ட்மாஸ்டரைப் பார்த்தாள், வரிசையில் நின்ற ஆண்களைப் பார்த்தாள். "நீ சொல்லேன் யம்மா" என்றாள்.

"எனக்குத் தெரியாதே. நீதான் சொல்லணும். பஸ் வந்துடும்."

வெளியாள் போர்டைத் தொடக் கூடாது. இருந்தாலும் ஹெட்செட்டைக் கழற்றி, ஜன்னல் கம்பி வழியாகப் பேசும் பக்கத்தை அவள் வாயருகே நீட்டினேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். எனக்குத் தெரிந்து அந்த லைனில் அவ்வளவு சத்தமாக யாரும் பேசியதில்லை. தபால் ஆபீசில் முத்திரை குத்தும் ஓசைகூட நின்றுபோனது. அந்தப் பேரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவள் சொன்னதாகவே இருக்கட்டும்.

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, ஸ்டேஷன் பக்கம் ஓடினாள்.

நான் ஹெட்செட்டை மறுபடி மாட்டிக்கொண்டேன். ஏட்டையா இன்னும் லைனில்தான் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் மெதுவாகக் கேட்டான்: "யாரு சார் அது, பொம்பள கொரல்ல எம் பேர சொல்லிக் கூப்புடறது?"