காலிப் பீப்பாய்க்கு வாழ்க்கைப்பட்டவள்

ஒயின் புட்டியின் மேல் ஒட்டுகிற சீட்டில் பிளாட்டினா என்று அழகாகப் போட்டுக்கொள்ளட்டும். மோஸ்தார் நகரத்துப் பக்கத்துக் குடியானவன் வாயில் அந்தக் கறுப்புத் திராட்சைக்குப் பெயர் காலிப் பீப்பாய்தான். அதன் பூவில் பெண் மட்டும்தான் உண்டு, தானாகக் காய்க்காது. பக்கத்தில் வேறு ரகக் கொடி நின்று பூக்க வேண்டும், அந்த நேரத்தில் மழையும் பெய்யக் கூடாது. ஒன்று தவறினாலும் அந்த வருஷம் ஒயின் இல்லாத பீப்பாயைத் தட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

யான்யாவுக்கு இது தெரியாது. ஆடு மேய்க்கிற மலையிலிருந்து வந்த மருமகள் அவள்; சொல்லிக் கொடுக்க வீட்டில் பெரியவர்களும் இல்லை. கல்யாணமான கையோடு புருஷன் ஷிமுன் ஜெர்மனிக்குக் கார் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டான். கிறிஸ்துமஸுக்கும் ஆகஸ்டு விடுமுறைக்கும் வருவான். கிளம்பும்போதெல்லாம் ஒரே பேச்சு: தோட்டம் நம் வயிற்றைக் கழுவுகிற வருஷம், அங்கே ஒரு நாள்கூட இருக்க மாட்டேன்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இருந்தாள். அவன் தலையணை உறையைத் துவைக்கக்கூட மனம் வராது. கூட்டுறவு ஒயின் ஆலையில் பிளாட்டினாவுக்குத்தான் மதிப்பு என்று கேள்விப்பட்டவள், ஒரு குளிர்காலத்தில் ஊடே நின்ற டிர்ன்யாக் என்கிற வேறு ரகக் கொடிகளை ஒற்றை ஆளாகத் தோண்டி எறிந்துவிட்டு, அந்த இடத்திலும் பிளாட்டினாவையே நட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஷிமுன் வந்து பார்த்து அசந்துபோக வேண்டும் என்று ஆசை.

ஜூனில் பழைய கொடிகள் பூத்தன. பூவெல்லாம் கொட்டி, காம்புதான் மிஞ்சியது. ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரி லுட்சா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அடிப் பாவி, மாப்பிள்ளைங்கள எல்லாம் தொரத்திட்டு பொண்ணுங்கள மட்டும் நிக்க வச்சிருக்கியேடி. இதுங்க யாரப் பாத்துக் காய்க்கும்?”

சொன்ன பிறகுதான் லுட்சா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆகஸ்டில் ஷிமுன் வந்தான். மழையில் போய்விட்டது என்று பொய் சொல்ல யான்யாவுக்கு வாய் வரவில்லை. தோட்டத்துக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வசவுக்குக் காத்து நின்றாள். அவன் ஊரைக் கூட்டிக் கத்தினாலும் அவளுக்குச் சம்மதம்தான். திரும்பி வர நினைக்கிறவன் கத்தத்தானே செய்வான்.

ஷிமுன் வெறும் காம்பைத் தடவிப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை, நிம்மதி இருந்தது.

“போனாப் போவுது, விடு. இன்னும் ரெண்டு மூணு வருஷம் அங்கயே ஓட்டிடறேன்” என்றான், அவ்வளவு அன்பாக.

“டிர்ன்யாக்கத் திரும்ப நட்டு, பீப்பாய் ரொம்பி வழிஞ்சாலும் நீங்க வரமாட்டீங்க, இல்ல?”

ஷிமுன் சட்டைப் பையில் சிகரெட்டைத் தேடினான். அது கையில் தட்டுப்பட்ட பிறகும் தேடிக்கொண்டே இருந்தான்.